பெஞ்ச் வாரண்ட் இருக்கிறதா என்று எங்கே கேட்பது? கவுண்டி நீதிமன்றம், ஷெரிஃப், வழக்கறிஞர், கட்டணத் தளம்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் போக்குவரத்துக் காவலர் கொடுத்த சீட்டை வண்டிக்குள் எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. வீடு மாறியதில் நீதிமன்றக் கடிதத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. அபராதத் தவணையில் பாதியைக் கட்டிவிட்டு, வேலை கிடைத்த வேறு மாநிலத்துக்குப் போய்விட்டவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் எழும் கேள்வி, தம் பெயரில் பெஞ்ச் வாரண்ட் ஏதும் இருக்கிறதா என்பதுதான். அதை அறிய ஆறேழு வழிகள் இருக்கின்றன என்றாலும், அவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. கேட்கும் இடத்தைப் பொறுத்துப் பதிலின் நம்பகம் மாறும். கேட்பவர் அங்கேயே கைதாகும் அபாயமும் மாறும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டைத் தேடுவதைவிட வழக்கைத் தேடுவது மேல். அதையும் வாரண்ட் பிறப்பித்திருக்கக்கூடிய நீதிமன்றத்தின் சொந்தப் பதிவேட்டிலேயே தேட வேண்டும்.

பெஞ்ச் வாரண்ட் என்பது காவல்துறை புலன் விசாரணை செய்து, ஆதாரம் காட்டி நீதிபதியிடம் கேட்டுப் பெறும் கைது வாரண்டிலிருந்து வேறுபட்டது. வாய்தாவுக்கு ஆஜராகாதவர், கட்ட வேண்டிய அபராதத்தைக் கட்டாதவர், நன்னடத்தைக் கால நிபந்தனையை மீறியவர், குழந்தைப் பராமரிப்புத் தொகை குறித்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவர் ஆகியோரை அழைத்து வரும்படி நீதிபதி தம் இருக்கையில் இருந்தபடியே பிறப்பிக்கும் ஆணை அது. வாய்தா தவறியவர் மீது நம் ஊர் நீதிமன்றங்கள் பிடிவாரண்டு பிறப்பிக்கும் செய்தியைப் படித்துப் பழகியவர்களுக்கு இதன் தன்மை எளிதில் விளங்கும். சிறிய வழக்குகளில் இந்த வாரண்டை எடுத்துக்கொண்டு யாரும் வீடு தேடி வருவது அரிது. அது பதிவேட்டில் கிடக்கும்; அடுத்த முறை ஏதாவது ஒரு காரணத்துக்காக வண்டி நிறுத்தப்பட்டு ஓட்டுநர் உரிமம் சோதிக்கப்படும்போதுதான் எழுந்து வரும். நாள்பட்டதாலேயே அது காலாவதி ஆகிவிடும் என்று நினைப்பதும் தவறு. 2017 ஆகஸ்டில் நியூயார்க் நகரின் 4 மாவட்ட அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், சிறு குற்றச் சம்மன்களில் நிலுவையிலிருந்த ஏறத்தாழ 6,44,000 வாரண்டுகள் ரத்து செய்யப்பட்டன. அவை எல்லாமே 10 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. யாராவது ரத்து செய்தால் ஒழிய அவை அப்படியே இருந்திருக்கும்.

முதல் சிக்கல், எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற மாநில உட்பிரிவு), அதிலும் எந்த நீதிமன்றம் என்பதே. நாடெங்கும் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. டெக்சாஸில் மட்டும் 254. இவை அனைத்தின் வாரண்டுகளையும் பொதுமக்கள் ஒரே இடத்தில் பார்க்கும் பட்டியல் கிடையாது. எஃப்பிஐ 1967 முதல் நடத்திவரும் என்சிஐசி எனும் தேசியக் குற்றத் தகவல் தரவுத்தளம் காவல்துறையினருக்கு மட்டுமே உரியது. கவுண்டிகள் தம் சிறிய பெஞ்ச் வாரண்டுகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றுவதும் இல்லை. தமிழர்கள் நிறைய வாழும் ஃப்ரிஸ்கோ நகரை எடுத்துக்கொள்வோம். அந்நகரின் ஒரு பகுதி கோலின் கவுண்டியிலும் மறு பகுதி டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது. நகரக் காவலர் கொடுத்த சீட்டு நகராட்சி நீதிமன்றத்துக்குப் போகும். மாநில நெடுஞ்சாலைக் காவலரோ, கவுண்டிக் காவல் தலைவரான ஷெரிஃபின் துணை அதிகாரியோ கொடுத்தது, அந்தந்தக் கவுண்டியில் சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் நீதிமன்றத்துக்குப் போகும். ஆகவே, கவுண்டியின் தளத்தில் பெயரைத் தேடி எதுவும் வரவில்லை என்று நிம்மதி அடைந்தவருக்கு நகராட்சி நீதிமன்றத்தில் வாரண்ட் இருக்கலாம். சீட்டின் அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும் நீதிமன்றத்தின் பெயர்தான் முதல் துப்பு. சீட்டு தொலைந்திருந்தால், சம்பவம் நடந்த சாலை, நிறுத்தியவர் அணிந்திருந்த சீருடை, வண்டியில் எழுதியிருந்த பெயர் ஆகியவற்றை நினைவுபடுத்திக் கொள்வது இணையத்தில் ஒருமணி நேரம் தேடுவதைவிடப் பயன் தரும்.

இனி வழிகளுக்கு வருவோம். நீதிமன்றத்தின் இணைய வழக்குத் தேடலை நான் முதலிடத்தில் வைக்கிறேன். கட்டணம் இல்லை, யாரிடமும் பெயர் சொல்ல வேண்டியதில்லை, நள்ளிரவிலும் பார்க்கலாம் என்பவை அதன் வெளிப்படையான வசதிகள். அதைவிடப் பெரிய காரணம், வாரண்ட் பிறக்கும் இடமே அந்தப் பதிவேடு என்பது. பென்சில்வேனியாவின் ஒருங்கிணைந்த நீதித்துறைத் தளத்தில் மாநிலத்தின் 67 கவுண்டிகளுக்கும் ஒரே இடத்தில் தேடி, வழக்கின் நடவடிக்கைகளை வரிசையாகக் காட்டும் டாக்கெட் தாளைத் திறந்து படிக்க முடியும். மேரிலாந்திலும் மாநிலம் முழுமைக்குமான இலவசத் தேடல் இருக்கிறது. விஸ்கான்சினில் 72 கவுண்டிகளின் சர்க்யூட் நீதிமன்ற வழக்குகளும் ஒரே தளத்தில் கிடைக்கும். ஆனால் அங்கும் நகராட்சி நீதிமன்ற வழக்குகள் அதற்குள் வராது. டெக்சாஸில் கவுண்டிக்குக் கவுண்டி தனித்தனியாகத் தேடுவதே பெரும்பாலும் வழக்கம். கலிஃபோர்னியாவில் குற்ற வழக்கின் ஆவணங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் திறப்பதற்கு நீதிமன்ற விதிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. வழக்கு எண், நடவடிக்கைக் குறிப்பு போன்ற அளவில் கிடைப்பதைப் பார்த்துவிட்டு, மீதிக்கு நீதிமன்றக் கட்டடத்திலுள்ள கணினிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

இந்த வழியில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, தளம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைப் படிக்காமல் தேடுவது. நியூயார்க்கின் வெப்கிரிம்ஸ் தளம், அடுத்த வாய்தா தேதி உள்ள நிலுவைக் குற்ற வழக்குகளைக் காட்டுவதற்காக ஏற்பட்டது. ஆஜராகாமல் வாரண்ட் பிறந்துவிட்ட வழக்குக்கு அடுத்த வாய்தா என்று ஒன்று இல்லாமலே போகலாம். அப்படியானால், நாம் அஞ்சும் அந்த வழக்குதான் அந்தத் தேடலில் அகப்படாமல் போகக்கூடியது. வெற்றுத் திரையைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாத இடம் இது.

இரண்டாவது பள்ளம் நம் பெயர்கள். தந்தையின் பெயரை முதலெழுத்தாகவோ பின்பெயராகவோ எழுதும் நம் வழக்கம் அமெரிக்கப் படிவங்களின் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களுக்குள் நேராக உட்காருவதில்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவருக்கு விசாவில் அந்தப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏறி, முதற்பெயர் இடத்தில், முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கமான எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து விழும். காவலர் சீட்டு எழுதும்போது உரிமத்தில் உள்ளதையே பார்த்து எழுதுவார். நண்பர் ஒருவருக்காகத் தேடியபோது, அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கூப்பிடும் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டோம், எதுவும் வரவில்லை. இரண்டையும் மாற்றி இட்டோம், அப்போதும் வரவில்லை. கடைசியில் அவருடைய தந்தையின் பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்துப் பிறந்த தேதியுடன் தேடியபோது ஒரே ஒரு வரி வந்தது. அதைத் திறந்தால், மேலிருந்து கீழாகத் தேதிகள்: வழக்குப் பதிவான நாள், அஞ்சலில் அறிவிப்பு அனுப்பிய நாள், அது திரும்பி வந்த நாள், ஆஜராகவில்லை என்ற குறிப்பு, அதற்கு அடுத்த வாரத் தேதியில் வாரண்ட் என்ற ஒற்றைச் சொல். அறிவிப்புப் போன முகவரி அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலி செய்துவிட்ட அபார்ட்மென்ட். குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றத்தை அவர் ஒழுங்காகத் தெரிவித்திருந்தார். அது நீதிமன்றத்துக்குப் போய்ச் சேராது என்பதை அன்றுதான் அறிந்தார். எனவே பெயரை எல்லா வரிசையிலும், எல்லா எழுத்துக்கூட்டலிலும், முடிந்தால் உரிம எண்ணைக் கொண்டும் தேடிய பிறகே இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும்.

ஷெரிஃப் அலுவலகத்தின் வாரண்ட் பட்டியலைத்தான் பலரும் முதலில் நாடுகிறார்கள். சில கவுண்டிகளின் ஷெரிஃப் தளங்களில் அப்படியொரு பட்டியல் உண்டு; சிலவற்றில் இல்லை. யூட்டாவில் மாநிலம் முழுமைக்குமான வாரண்ட் தேடலே பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கனெக்டிகட்டில் கவுண்டி நிர்வாகமே கிடையாது. ஆஜராகாமை, நன்னடத்தை மீறல் ஆகியவற்றுக்கான வாரண்டுகளை அங்கு நீதித்துறையே தன் தளத்தில் தேடத் தருகிறது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் பொதுவாக ஷெரிஃபின் பட்டியல் என்பது நீதிமன்றம் சொன்னதன் நகல்; நகல் மூலத்தைவிடப் பிந்தியே நடக்கும். இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன சாட்சியம் இருக்கிறது.

2004 ஜூலையில் அலபாமாவின் காஃபி கவுண்டியில், ஷெரிஃப் துறை எடுத்து வைத்திருந்த தம் வண்டியிலிருந்து ஏதோ பொருளை எடுத்துக்கொள்ள பென்னி டீன் ஹெர்ரிங் என்பவர் வந்தார். அவரை அடையாளம் கண்ட அதிகாரி, அவர் மீது வாரண்ட் உண்டா என்று தம் அலுவலகக் குமாஸ்தாவிடம் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. பக்கத்து டேல் கவுண்டியில் விசாரிக்கச் சொன்னார். ஆஜராகாமைக்காக ஒரு வாரண்ட் நடப்பில் இருப்பதாக அங்குள்ள கணினி சொன்னது. அதன் நகலை ஃபாக்ஸ் செய்யச் சொல்லிவிட்டு, ஹெர்ரிங்கைப் பின்தொடர்ந்து போய்க் கைது செய்து சோதனையிட்டார்கள். சட்டைப்பையில் போதைப்பொருளும் வண்டியில் கைத்துப்பாக்கியும் கிடைத்தன. அதற்குள் டேல் கவுண்டிக் குமாஸ்தா காகித வாரண்டைத் தேடிக் கோப்பைப் புரட்டினால், அது அங்கே இல்லை. நீதிமன்றத்தைக் கேட்டபோதுதான் அந்த வாரண்ட் 5 மாதங்களுக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது தெரிந்தது. இதெல்லாம் நடந்தது பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள். 2009இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், அந்தச் சோதனையில் கிடைத்த ஆதாரம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்வது அந்தக் காகிதம்தான். உண்மை நீதிமன்றத்தில் இருந்தது. கைது ஷெரிஃபின் கணினியை நம்பி நடந்தது. நகலில் பெயர் இல்லாவிட்டால் மூலத்திலும் இல்லை என்று சொல்ல முடியாதது போலவே, நகலில் இருப்பது மூலத்தில் இன்னும் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

தொலைபேசியில் கேட்பது என்றால், நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகத்துக்கும் ஷெரிஃப் அலுவலகத்துக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. ஷெரிஃப் அலுவலகங்கள் பலவும் வாரண்ட் விவரத்தைத் தொலைபேசியில் சொல்வதில்லை. அடையாள அட்டையுடன் நேரில் வரச் சொல்லும். நேரில் போய், வாரண்ட் இருப்பது உறுதியானால், அங்கேயே கைது செய்வது அவர்கள் கடமை. கிளார்க் அலுவலகத்தின் வேலை பதிவேட்டைப் பராமரிப்பது. வழக்கு எண்ணைச் சொல்லி, இந்த வழக்கின் இப்போதைய நிலை என்ன, கடைசியாகப் பதிவான நடவடிக்கை எது, அடுத்த வாய்தா உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் நேரான பதில் கிடைக்கும். சட்ட ஆலோசனை தர அவர்களுக்கு அனுமதி இல்லை; என்ன செய்யலாம் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். சம்பவத்தைப் பற்றி நம் பக்க நியாயத்தைச் சொல்லத் தொடங்குவதும் வேண்டாம். இணையத் தளம் தெளிவாக இல்லாத கவுண்டிகளில் இதுவே எனக்கு முதல் வழியாகத் தோன்றுகிறது.

நேரில் போவதிலும் இந்த வேறுபாடு உண்டு. நீதிமன்றக் கட்டடத்தில் பொதுமக்களுக்கான கணினியில் வழக்கைப் பார்ப்பது ஒன்று. ஷெரிஃபின் கவுண்டரில் நின்று பெயர் சொல்லிக் கேட்பது வேறு. ஆனால் முன்னதிலும் அபாயம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் வாசலில் நிற்பவரும் சீருடை அணிந்தவரே. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள போக்குவரத்து வழக்குகளில், நேரில் போவது பல இடங்களில் நல்ல பலன் தருகிறது. டெக்சாஸில் 2017இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, கைதாவதற்கு முன்பே தாமாக முன்வந்து ஆஜராகி, வாரண்டைத் தீர்த்துக்கொள்ள உண்மையாக முயல்பவருக்கு, ஆஜராகாமைக்கான வாரண்டை ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸும் நகராட்சி நீதிபதியும் திரும்பப் பெற வேண்டும். அங்குள்ளவருக்கு இது பெரிய பாதுகாப்பு. மற்ற மாநிலங்களில், அதிலும் வழக்கு குற்றவியல் தன்மை கொண்டதாக இருந்தால், வெறுங்கையோடு போய் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பிற்பகலில் போவது எங்குமே தவறு. பென்சில்வேனியாவின் விதி, பெஞ்ச் வாரண்டில் பிடிபட்டவருக்கு 72 மணி நேரத்துக்குள் விசாரணை நடக்க வேண்டும் என்கிறது. அந்தக் கெடு விடுமுறை நாளில் முடிந்தால் அடுத்த வேலை நாளின் முடிவு வரை நீளும். சனி ஞாயிறு சிறையில் கழிவது என்றால் என்ன என்பதைக் கைக்குழந்தை உள்ள குடும்பத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வழக்கறிஞர் மூலம் அறிவதுதான் செலவு மிகுந்த வழி. அபாயம் மிகக் குறைந்த வழியும் அதுவே. அவர் கேட்டால் நீதிமன்றம் பதில் சொல்லும், கேட்டவர் கைதாக மாட்டார், நாம் அவரிடம் சொன்னது வெளியே போகாது. அறிவதோடு அவர் வேலை முடிவதும் இல்லை. வாரண்டைத் திரும்பப் பெறக் கோரும் மனுவை அதே வாரத்தில் தாக்கல் செய்யலாம். கலிஃபோர்னியாவில் மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்ற வழக்குகளில், பெரும்பாலும் கட்சிக்காரர் வராமலே வழக்கறிஞர் அவருக்காக ஆஜராக அனுமதி உண்டு. விசாவில் இருப்பவருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இந்தச் செலவு வீண் அல்ல என்பது என் உறுதியான கருத்து. வாரண்டைத் தீர்க்கும் அவசரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அந்த ஒப்புதல் பின்னாளில் குடியேற்ற வழக்கில் என்ன செய்யும் என்பதை நீதிமன்றக் கவுண்டரில் யாரும் சொல்லப் போவதில்லை. குற்றவியல் வழக்கில் கட்சிக்காரருக்கு நாடுகடத்தல் அபாயம் உண்டா என்று எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தில் கைதை மட்டும் கேட்பதில்லை. காவலர் கொடுத்த சீட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வெறும் வேகச் சீட்டுக்கு வழக்கறிஞர் தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை. மது அருந்தி ஓட்டியது, குடும்ப வன்முறைப் புகார், கடையில் பொருள் எடுத்ததாக வந்த புகார் ஆகியவற்றில் வாய்தா தவறியிருந்தால், இணையத்தில் வழக்கைக் கண்ட அதே நாளில் அவரைக் கூப்பிட வேண்டும். வசதி இல்லாதவர்கள், சிறைத் தண்டனைக்கு இடமுள்ள வழக்காக இருந்தால், கவுண்டியின் பப்ளிக் டிஃபெண்டர் (அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞர்) அலுவலகத்தைக் கேட்கலாம்.

பணம் வாங்கிக்கொண்டு பின்னணி விவரம் தரும் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை நீதிமன்றப் பதிவுகளை மொத்தமாக வாங்கித் தொகுப்பவை, நகலின் நகல். பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் வழக்கு நம் தலையில் ஏறுவதும், நம்முடைய வழக்கு அதில் இல்லாமலே போவதும் அங்கு இயல்பு. 2023 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், தேடப்பட்டவருக்குக் குற்றப் பதிவு இருப்பதாகத் தவறான எண்ணம் ஏற்படுத்தியது உள்ளிட்ட புகார்களில் இத்தகைய இரண்டு தளங்கள் 58 லட்சம் டாலர் செலுத்தும் உடன்பாட்டைப் பெற்றது. இலவசமாக மூலமே கிடைக்கும்போது இதற்குக் காசு கொடுப்பது தேவையற்றது.

தானாக வந்து சேரும் தகவலும் உண்டு. உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறது, நான் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொன்னால் ரத்து செய்துவிடுகிறேன் என்று வரும் அழைப்பு முழு மோசடி. எந்த நீதிமன்றமும் வாரண்டை அப்படித் தீர்ப்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, நீதிமன்றத்தின் எண்ணை நாமே தேடி எடுத்துக் கூப்பிட வேண்டும். இதற்கு மாறாக, டெக்சாஸில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் மறுப்பு வந்தால் அதை உண்மையான அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். ஆஜராகாதவர் பட்டியலை நீதிமன்றங்கள் மாநில உரிமத் துறைக்கு அனுப்பிப் புதுப்பித்தலைத் தடுக்கும் ஏற்பாடு அங்கு இருக்கிறது. விசாக் காலத்தோடு சேர்ந்தே உரிமமும் முடிவதால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய நம்மவர்களில் சிலருக்கு, பழைய வழக்கு இருப்பதே இந்தக் கவுண்டரில்தான் தெரியவருகிறது.

ஆகவே, வேகச் சீட்டு போன்ற அபராத வழக்கு என்று தெரிந்தால், நீதிமன்றத் தளத்தில் தேடி, கிளார்க்கிடம் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு, தாமாக ஆஜராகும் நாளை வாரத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்வதே போதுமானது என்பது என் மதிப்பீடு. எந்தக் கவுண்டி என்றே தெரியாதவர், வாழ்ந்த ஊர்களையும் கடந்து போன நெடுஞ்சாலைகளையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் நகராட்சி, கவுண்டி நீதிமன்றங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி இல்லை. குற்றவியல் வழக்கானாலும், குடியேற்ற விண்ணப்பம் ஏதும் நிலுவையில் இருந்தாலும், இணையத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு மற்றதை வழக்கறிஞரிடம் விட்டுவிட வேண்டும். ஷெரிஃபின் கவுண்டர் எந்தச் சூழலிலும் முதல் வழியாக எனக்குத் தோன்றவில்லை.

வாரண்ட் ரத்தான பிறகும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அரிசோனாவில், போக்குவரத்து வழக்குகளில் ஆஜராகாததற்காகப் பிறந்த வாரண்டை, ஐசக் எவன்ஸ் என்பவர் தாமாகவே நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்துகொண்டார். அந்தச் செய்தி கணினியில் ஏறாததால், 17 நாட்கள் கழித்து ஃபீனிக்ஸ் நகரச் சாலையில் வண்டியை நிறுத்திய காவலர்கள் அதே வாரண்டைக் காட்டி அவரைக் கைது செய்தார்கள். ஆகவே திரும்பப் பெறும் உத்தரவு கையெழுத்தானவுடன் கிளார்க்கிடம் சான்றிட்ட நகல் இரண்டு வாங்க வேண்டும். ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வண்டியில் காப்பீட்டு அட்டையோடும் வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே தளத்தில், அதே எழுத்துக்கூட்டலில், மீண்டும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.